பூனையின் குடிபூரல்

முழங்கால் வலியால் மூன்று வருடமாகப் படியேறாத தவநாயகி, அலேசியா புது ஃபிளாட்டுக்குக் குடிபோன அன்று இரண்டு மாடி ஓடினார்.

லண்டன் ஹவுன்ஸ்லோவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் இருவருக்கும் ஒரே ஷிப்ட். அலேசியா பெலாரஸ்காரி. புது வீட்டுக்குள் பூனைதான் முதலில் நுழைய வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். அதனால் தவநாயகியின் பூனையை இரவல் கேட்டிருந்தாள்.

"எங்கட ஊரிலை குடிபூரலுக்குப் பசுமாடுதான் முதல் போகும். பூனை எண்டபடியால் லிஃப்டிலை கொண்டுபோக ஏலும்," என்று தவநாயகி கணவர் பத்மநாதனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்ததும் பூனை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அவர்கள் வழக்கப்படி ரொட்டியும் உப்பும் ஏந்தி விருந்தினர்கள் வெளியே காத்து நின்றார்கள். யாரோ தும்மினார்கள். பூனை மாடிப்படியில் மேலே பாய்ந்தது. தவநாயகி காலுறையோடு இரண்டு மாடி துரத்திப் பிடித்து வந்தார். வாசலில் கால் வழுக்கியது. பூனையை முன்னால் நீட்டியபடியே கூடம் வரை சறுக்கிப் போய் உட்கார்ந்தார்.

"ஆர் முதல் உள்ளுக்கு வந்தது?" என்று தரையிலிருந்தே கேட்டார்.

"பூனையின்ரை மூக்கு," என்றார் பத்மநாதன்.

அதை அவர் ஆங்கிலத்தில் சொன்னதும் அலேசியா கைதட்டினாள். எல்லோரும் உள்ளே நுழைந்தார்கள். சிரிப்பில் தவநாயகியால் எழுந்திருக்க முடியவில்லை. அலேசியா உருளைக்கிழங்கு அடைத் தட்டோடு வந்து அவர் பக்கத்தில் தரையிலேயே அமர்ந்துகொண்டாள்.