உச்சிவெயிலில் மூடிக்கொண்ட ஜன்னல்கள்

நீச்சல்குளத்துப் பிள்ளைகளுக்கு அவள் 'மீன் டீச்சர்'. பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். சம்பளம் போடுகிற மேனேஜர்கூட அவளுடைய சொந்தப் பெயரை ஒரு நொடி யோசித்துத்தான் எழுதுவார். காலையில் வகுப்பு, சாயங்காலம் வகுப்பு. நடுப்பகலில் குளத்தை மூடிவிடுவார்கள்; தரையில் கால் வைக்க முடியாத வெயில். அந்த நேரத்தில் அவள் வீட்டுக்கு வந்து, தலை ஈரம் காயும் முன்னே ஒரு தூக்கம் போடுவாள்.

வீடு மூன்றாவது மாடியில். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜன்னல். "இது வீடா, கண்ணாடிப் பெட்டியா? வெந்து போயிடுவேடி" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வெளிச்சத்துக்காகத்தான் வீட்டையே பிடித்திருந்தாள்.

முதல் கணவன் அடித்ததில்லை, குடித்ததில்லை. ஊர் பார்வைக்குத் தங்கமான மனுஷன். மதியம் சாப்பிட வீட்டுக்கு வருவான். வந்ததும் ஜன்னல்களை ஒவ்வொன்றாக, சத்தமே வராமல் மூடுவான். "யாரைப் பார்த்துக்கிட்டு நின்ன?" என்பான். பதில் சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். அதற்குமேல் என்ன நடந்தது என்பதை அவள் அக்காவிடம்கூட வாய் திறந்ததில்லை. வருஷக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், ஒரு நாள் மாற்றுத்துணிகூட இல்லாமல் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள். விவாகரத்து ஆனது. சில காலம் கழித்து அவன் மாரடைப்பில் போய்விட்டதாகச் சேதி வந்தது. அவள் அழவில்லை. அன்றைக்கு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

அதற்குள் பம்ப்காரர் அவள் வாழ்க்கையில் வந்திருந்தார். குளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மோட்டார்கள் அவர் பொறுப்பு. நாலு வார்த்தை பேசினால் மூன்று மோட்டாரைப் பற்றியே இருக்கும். அப்படிப்பட்டவர் ஒரு நாள் குளத்தங்கரையில் நின்று கேட்டார்: "டீச்சர், தண்ணிக்குள்ள இருக்கறப்ப சிரிக்கிறீங்க. வெளிய வந்தா நிறுத்திடுறீங்க. ஏன்?" மோட்டாரில் கோளாறு எங்கே என்று பார்க்கிற அதே முகம். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கரைமேல் நின்றபடியே. அப்படித்தான் தொடங்கியது. சில மாதங்களில் வீட்டின் இன்னொரு சாவியை அவரிடம் கொடுக்கிற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் ஜன்னல்கள் மூடிக்கொள்ளத் தொடங்கின.

ஒரு மதியம் கண்விழித்தால் அறை இருட்டாக இருந்தது. எல்லா ஜன்னல்களின் மரக்கதவுகளும் சாத்தப்பட்டு, கொக்கி போடப்பட்டிருந்தன. மறதியாக இருக்கும் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே. கூடத்தில் சாப்பாட்டு மேஜையின் நாற்காலி, யாரோ உட்காரப்போவதுபோல் இழுத்துப் போடப்பட்டிருந்தது. மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீர். பேய் என்றால் இருட்டில் வரும் என்றுதானே பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம்? ஜன்னலைத் திறந்தால் கண் கூசும் வெயில், தெருவில் சைக்கிள் மணி, மாடியில் காயும் துணி. அத்தனை வெளிச்சத்தில் நின்றும் அவளுக்கு முதுகு சில்லிட்டது. மூடிய விதம் அவளுக்குத் தெரியும். செத்துப்போனவனின் கைவரிசை அது.

ஆனால் சாவி இருந்தது இன்னொருவரிடம்.

"நான் தூங்கும்போது வந்தீங்களா?" என்று பம்ப்காரரிடம் நேராகவே கேட்டாள். "ஜன்னலை மூடினீங்களா?"

"நான் எதுக்கு மூடணும்?"

"எனக்கென்ன தெரியும்? நல்லவங்கன்னு பேர் வாங்கினவங்கதான் மூடுவாங்க."

அவர் முகம் சுருங்கியது. சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கிளம்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். "நாளைக்கு நீங்களே கதவைத் திறந்துவிடுங்க. கூடத்துல உக்காந்திருக்கேன். என்ன வருதுன்னு பார்த்துடுவோம்."

மறுநாள் அவள் விழித்தபோது ஜன்னல்கள் திறந்திருந்தன. மேஜை எதிரே பம்ப்காரர், உதடு வறண்டு, இரண்டு கைகளையும் மேஜைமேல் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தார்.

"யார் வந்தா?"

"யாரும் வரல. நீதான் எழுந்து வந்த." முதல் தடவையாக 'நீ' என்றார். "கண்ணு திறந்திருந்துச்சு. ஒவ்வொரு ஜன்னலா மூடின, சத்தமே இல்லாம. நாற்காலிய இழுத்துப் போட்ட, தண்ணி வச்ச. அப்புறம் ஸ்டூல எடுத்துட்டுப் போய், அந்த மூலையில சுவரைப் பார்த்து உக்காந்த. கூப்பிட்டேன், காதுல விழல. எனக்குக் கை கால் ஓடல. எங்க போறதுன்னு தெரியாம இந்த நாற்காலியிலயே உக்காந்துட்டேன். அப்ப நீ கேட்ட."

"என்ன கேட்டேன்?"

"'திரும்பட்டுமா?'ன்னு."

அவள் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சொல்றதுன்னு தெரியல. 'திரும்பும்மா'ன்னேன். திரும்பி என் முகத்தையே பார்த்த. ஆனா நீ பார்த்தது என்னை இல்ல. அப்புறம் போய்ப் படுத்துட்ட. நான்தான் எல்லாத்தையும் திறந்துவிட்டேன்."

அன்று அவள் சாயங்கால வகுப்புக்குப் போகவில்லை. யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். முதல் கணவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஒரு நாளும் அவன் 'திரும்பு' என்று சொன்னதில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய்விடுவான். கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகும் திரும்பத் துணிவு வராமல், பல நாள் பொழுது சாயும்வரை அப்படியே இருந்திருக்கிறாள்.

சொல்லி முடித்ததும் பம்ப்காரரிடம் அவளே கேட்டாள், "என்னைப் பார்த்தா பயமா இல்லையா?"

"இருக்கு. நல்லாவே இருக்கு. அதுக்காக விட்டுட்டு ஓடவா முடியும்?"

டாக்டர் தூக்கத்தில் நடக்கிற வியாதி என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். மழைக்காலம் வருவதற்குள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட அக்கா, "இனிமே ரெண்டு பேரா வேகுங்க" என்று வாழ்த்தினாள். பம்ப்காரர் தினமும் மதியம் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். சில நாள் அவள் எழுந்து வருவாள், கேட்பாள். அவர் 'திரும்பும்மா' என்பார்.

ஒரு நாள் ஏதோ ஹோட்டலில் மோட்டார் எரிந்துபோய் அவரைக் கூப்பிட்டுவிட்டதால், மதியம் அவரால் வர முடியவில்லை. அவர் வீடு திரும்பும்போது அவள் வாசலிலேயே சிரித்த முகமாக நின்றாள்.

"இன்னைக்கு எனக்கே கேட்டுச்சுங்க, தூக்கத்துல. நீங்க 'திரும்பு'ன்னு சொன்னது."

ஒரு கால் செருப்போடு நின்றுவிட்டார் அவர். "நான் இப்பதானே வர்றேன்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அவருடைய கரகரத்த குரல் இல்லை. அதில் கோபமும் இல்லை. களைத்துப்போன ஒருவன் தணிந்து சொன்னதுபோல் இருந்தது. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தையைத்தான் அதனிடமிருந்து அவள் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு அவள் தூக்கத்தில் எழுந்ததில்லை. டாக்டர், எல்லாம் மாத்திரையின் பலன் என்கிறார். பம்ப்காரர் எதற்கும் பேர் சொல்வதில்லை. இப்போதும் மதியம் தவறாமல் வந்துவிடுகிறார். ஆனால் அந்த நாற்காலியில் உட்காருவதில்லை, அதைக் காலியாகவே விட்டுவைக்கிறார். கதவோரம் தரையில் சம்மணம் போட்டு, வெயில் விழுகிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், தரைதான் குளிர்ச்சி என்கிறார்.