வளரும் பிள்ளைக்கு நான்கு சென்டிமீட்டர்

என் அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் ஒருவருக்கும் தெரியாது. 'மில்லிமீட்டர்' என்று கேட்டால் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் அறையைக் கைகாட்டுவார்கள். ஷாட்கன்னின் மரக்கட்டையை, அதாவது சுடுகிறவர் தோளில் பதித்துக்கொள்ளும் பின்பகுதியை, அவரவர் உடம்புக்கு ஏற்றபடி அறுத்துச் செதுக்கிக் கொடுப்பது அவன் தொழில். வீட்டிலும் அதே கூத்துதான். சாப்பாட்டு மேஜை ஆடுகிறது என்று நான்கு காலையும் மாற்றி மாற்றி இழைத்து, கடைசியில் அண்ணி தரையில் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு அதைக் குட்டையாக்கிவிட்டான். நான் அதே கிளப்பில் மதிப்பெண் குறிக்கிறவள். வீட்டில் பாதி, வேலையில் பாதி என்று அவனை முழுசாகச் சகித்துக்கொள்வது நான்தான்.

அவனுக்கு ரத்தக்கொதிப்பு ஏற்றுவதற்கென்றே பிறந்தவர்கள் அப்பாக்கள். பெரிய அளவில் பள்ளிச் சீருடை எடுக்கிற புத்தியோடு துப்பாக்கியும் எடுத்துவிட்டு வருவார்கள். அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை பல் டாக்டர் ஒருவரும் பதின்மூன்று வயது மகளோடு வந்தார். அந்த வார ஞாயிற்றுக்கிழமை இளையோர் அணிக்குத் தேர்வு. பறக்கவிடும் இருபத்தைந்து மண் தட்டுகளில் பதினைந்தையாவது அவள் உடைக்க வேண்டும்.

"உடைச்சா சரி. இல்லேன்னா இதோட மூட்டை கட்டிட்டுப் படிக்கிற வேலையப் பார்க்கட்டும்" என்றார் டாக்டர். மகள் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அவளைத் துப்பாக்கியைத் தோளில் ஏற்றச் சொன்னான். கட்டை நீளம்; விசையை எட்டுவதற்குள் அவள் உடம்பு பின்னால் வளைந்தது. கன்னம் மரத்தில் படியவே இல்லை.

"நாலு சென்டிமீட்டர் எடுக்கணும் டாக்டர்."

"நாலா? வளர்ற பிள்ளைங்க. அடுத்த வருஷம் என்ன பண்றது?"

"வெட்டின துண்டு இங்கேதான் இருக்கும். வளர வளர ஒட்டித் தர்றேன்." இழுப்பறையைத் திறந்து காட்டினான். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பிள்ளையின் பெயரும் தேதியும் எழுதியிருந்தது.

"ஒட்டுப் போட்ட கட்டையா? வேணாம். ரெண்டு மட்டும் எடுங்க, மிச்சத்த அவ பழகிப்பா."

"பல்செட் கட்டும்போது, வளர்ற வாய்னு ரெண்டு சைஸ் பெரிசா கட்டுவீங்களா?"

டாக்டருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் இரண்டுக்கு மேல் இறங்கிவரவில்லை. துப்பாக்கி அவருடையது, மகளும் அவருடையவள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டே சென்டிமீட்டர் அறுத்தான். அன்று முழுக்க என் மேல் எரிந்து விழுந்தான், நான்தான் டாக்டரைப் பெற்றவள் மாதிரி.

புதன்கிழமைப் பயிற்சியில் அவள் உடைத்தது ஒன்பது. நானே குறித்தேன்.

"பாத்தீங்களா, வெட்டியும் ஒண்ணும் ஆகல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றார் டாக்டர்.

"இங்க கூடமே கோணல்தான் டாக்டர்!" என்று அண்ணன் கத்தினான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சட்டை மாற்ற அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள். வலது மேல்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய் நீலமாக இருந்தது.

"அக்கா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. ப்ளீஸ்."

அப்பாவிடம் சொல்லவில்லை. அண்ணனிடம் சொன்னேன். பாவம் புண்ணியம் எதுவும் கேட்காமல், "தோள் குழியிலயா, கையிலயா?" என்றுதான் கேட்டான்.

"கையில."

"அப்ப கட்டை தோளுக்குள்ளயே போகல. வெளிய நழுவி உதைக்குது." மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டான்; உளி உருண்டு கீழே விழுந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் தன் சொந்தத் துப்பாக்கியோடு வந்தார். விடுமுறை நாட்களில் அவரும் சுடுவார், இருபதுக்குக் குறைய மாட்டார். அண்ணன் அதை வாங்கி, கட்டையின் முனையில் ரப்பர் துண்டுகளை வைத்துத் திருகினான்.

"இது ரெண்டு சென்டிமீட்டர். உங்க பொண்ணுக்கு இப்ப மிச்சம் நிக்கிற அதே ரெண்டு. இருபத்தஞ்சும் சுட்டுட்டு வாங்க, அப்புறம் நான் வாயத் திறக்கல."

"இதுல என்ன இருக்கு" என்று போனார். முதல் ஐந்தில் இரண்டு. பத்தாவதுக்குப் பிறகு கையை உதறத் தொடங்கினார். பதினெட்டாவதில், "போதாதா?" என்று திரும்பிப் பார்த்தார். அண்ணன் தலையசைக்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சும்மா சொன்னதா? மொத்தம் பதினொன்று. திரும்பி வந்து சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தார். மேல்கை செக்கச் செவேலென்று இருந்தது.

சுருட்டிய கையை இறக்காமலே மகளைப் பார்த்தார். "உனக்கும் இங்கேதானா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்கன்னு."

டாக்டர் துப்பாக்கியைப் பெஞ்சில் வைத்துவிட்டு, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். "வெட்டுங்க சார்" என்றார். குரல் உடைந்திருந்தது. அண்ணனோ, "இத திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே ரம்பத்தை எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கன்னம் மரத்தில் அப்படியே படிந்தது. கடைசி மூன்று தட்டுக்கு முன்னால் பதினான்கு. ஒன்று தவறியது. அடுத்த இரண்டும் பொடிப்பொடியாகச் சிதறின. பதினாறு! நான் குறிக்க மறந்துவிட்டுக் கத்தினேன்.

மறுவாரம் அணிச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார்கள். என் மேஜையில் இருந்த சட்டைகளைப் புரட்டிய டாக்டர் பெரியதாக ஒன்றை உருவினார்.

"இத எழுதிக்கோங்கம்மா. வளர்ற பிள்ளை தானே..."

பின்னால் நின்ற அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் சட்டையை வாங்கி மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"இப்ப இருக்கிற எனக்கு வாங்குங்கப்பா" என்றாள்.