ராசமாணிக்கம் சார் என்னைச் சுட்ட காலை

செய்தி வந்தபோது நான் அரியலூரில் மகள் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியின் பழைய தலைமையாசிரியர் போனில் பேசினார். “ராசமாணிக்கம் போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னு திருச்சிக்குக் கொண்டு போயிருக்காங்க. சிறுவாச்சூர் தாண்டலை.” ஆம்புலன்ஸ் ஓட்டியவர் சீட் பெல்ட் போடவில்லை என்று சார் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாராம். திட்டு நின்ற பிறகுதான் கூட இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கிறது.

பெரம்பலூரில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பலருடைய முதுகுக்கு அவரைத் தெரியும். உடற்கல்வி ஆசிரியர், தேசிய மாணவர் படைக்கும் அவரே பொறுப்பு. நான் அதே பள்ளியில் வரலாறு நடத்தினேன். உலகப் போர்களைப் பற்றி நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவற்றுக்கான சத்தம் மைதானத்திலிருந்து வரும்.

அவருடைய கோபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் இரண்டாம் பகுதியை விட்டுவிடுகிறார்கள். அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று எங்கள் மாணவனின் சைக்கிளில் இடித்து அவன் காலை உடைத்துவிட்டு நிற்காமல் போனது. சார் ஸ்கூட்டரில் துரத்திப்போய் மறித்து, டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு, அந்த ஆளின் செருப்பாலேயே உதடு கிழியும்வரை அடித்தார். பிறகு அவனை அதே ஸ்கூட்டரில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், வரிசையில் நின்று சீட்டு வாங்கி, டாக்டரிடம் சொன்னார்: “நான்தான் அடிச்சேன். தையல் போடுங்க.” அவருக்கு அடிப்பதிலும் ஒரு முறை இருந்தது, அடித்த பிறகும் ஒரு முறை இருந்தது. முறை தவறியவர்களை அவர் மன்னித்ததில்லை.

மாணவர் படைப் பையன்களுக்கு ரைபிள் கற்றுக்கொடுக்கும்போது குறி பார்ப்பதற்கு அவர் அதிக நேரம் செலவிடமாட்டார். வெடிக்காத தோட்டாவுக்குத்தான் பாதி வகுப்பு போகும். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையென்றால் உடனே திறக்கக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. குழல் மண்மேட்டைப் பார்க்க வேண்டும். நிதானமாக முப்பது எண்ண வேண்டும். மருந்து உள்ளே புகைந்துகொண்டிருந்து தாமதமாக வெடிக்கலாம். “சுடலைன்னா சுடவே சுடாதுன்னு அர்த்தம் இல்லடா” என்பார். இதை ஒரு தத்துவமாக எடுத்துக்கொண்ட மாணவர்களும் உண்டு. அவர் தத்துவமாகச் சொல்லவில்லை.

இனி என்னைச் சுட்ட கதை. இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால், விவரம் ஏதாவது தவறிவிட்டது என்று மறுபடி சுட்டிருப்பார்.

வேப்பந்தட்டைப் பக்கம் அவருக்கு மக்காச்சோளக் காடு. அதை ஒட்டி எனக்கும் கொஞ்சம் நிலம், குத்தகைக்கு விட்டிருந்தேன். கதிர் பிடிக்கும் பருவத்தில் மலையோரத்திலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கும். பயிர்க் காவலுக்கென்று உரிமம் பெற்ற ரைபிள் ஒன்று அவர் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில் இருந்தது. ஒரு முறைக்கு ஒரே தோட்டா. சுட்டபின் தாழ்ப்பாள் போன்ற போல்ட்டை இழுத்து அடுத்ததைப் போட வேண்டும். என் குத்தகைக்காரன் முருகேசனிடம் துப்பாக்கி இல்லை. அவன் மோட்டார் லைனிலிருந்து மின்சாரம் எடுத்து வேலியோரம் வெறும் கம்பி கட்டினான். அதில் பன்றி விழவில்லை. சாரின் காளை விழுந்தது.

கேள்விப்பட்டு மறுநாள் முதல் பஸ்ஸிலேயே துக்கம் விசாரிக்கப் போனேன். காளை வரப்போரம் விறைத்துக் கிடந்தது. நாக்கைக் கடித்துத் துண்டாக்கியிருந்தது. முன்னங்கால்கள் கரிந்து, கம்பி கழுத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. தீய்ந்த மயிர் நாற்றம். நான் வாயைத் திறப்பதற்குள் சார் வீட்டிலிருந்து ரைபிளோடு வந்தார்.

“நிலம் யாரு பேர்ல இருக்கு?”

“என் பேர்லதான் சார்.”

“அப்ப நீதான்டா.”

அத்தனை வருடத்தில் அவர் என்னை ஒருமையில் அழைத்தது அன்றுதான். நடுவில் காளை மட்டும் கிடந்தது. நெஞ்சுக்கு நேராகக் குறி வைத்து விசையை அழுத்தினார். ‘டிக்’ என்றது. வேறொன்றும் நடக்கவில்லை.

அவர் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. கைகள் மட்டும் தம் வேலையைத் தொடங்கிவிட்டன. குழல் என் நெஞ்சிலிருந்து விலகி வாய்க்கால் கரை மண்மேட்டுக்குத் திரும்பியது. உதடுகள் எண்ணத் தொடங்கின. “நகராதீங்க சார்,” என்றார். “இன்னும் வெடிக்கலாம். ஆபத்து.” மரியாதை திரும்பி வந்ததை நான் கவனித்தேன். ஓடியிருக்கலாம். நானும் அவரோடு சேர்ந்து எண்ணினேன்.

முப்பது முடிந்ததும் போல்ட்டை இழுத்தார். தோட்டா வரவில்லை. அதைக் கவ்வி இழுக்க வேண்டிய சின்னக் கொக்கியில் ஏதோ சிவப்பாகக் காய்ந்து அடைத்திருந்தது. சார் போல்ட்டைக் கழற்றி என்னிடம் நீட்டிக் காட்டினார். இருவரும் குனிந்து பார்த்தோம்.

“பேனாக்கத்தி இருக்குதா?”

இருந்தது. கொடுத்தேன். என்னைக் கொல்வதில் இருந்த தடங்கலை நீக்க நானே கருவி கொடுத்தேன் என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. அந்த நேரத்தில் அது பழுதுபட்ட ஒரு பொருள், நாங்கள் இரண்டு பேர் அதைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். தோட்டாவைக் கத்தியால் நோண்டலாமா என்று கேட்டேன். என் மூளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொக்கியை மட்டும் சுரண்டினார். போல்ட்டை மறுபடி போட்டு இழுத்ததும் தோட்டா வந்தது. அதன் விளிம்பில் நகம் பட்டதுபோல லேசான தடம். “அடி பத்தலை,” என்றார். “ஸ்பிரிங் நல்லாருக்கு. தோட்டாவை அடிக்கிற பின்தான் முன்னாடி போகாம திணறுது.” போல்ட்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். பின் ஓடும் துளையிலிருந்து சிவந்த சேறு வந்தது. சார் அதை மோந்து பார்த்தார். சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு அவர் மனைவி மரகதம் ரைபிளுக்குப் பொட்டு வைத்திருக்கிறார்.

துடைத்துப் பூட்டி, புதுத் தோட்டா போட்டு மண்மேட்டில் சுட்டார். காட்டிலிருந்த காக்கையெல்லாம் கிளம்பின. “இப்ப சரியா இருக்கு,” என்றார் திருப்தியாக. நானும் தலையாட்டினேன். பிறகுதான் அது சரியாகிவிட்டது என்பது இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. அவர் ரைபிளைப் பார்த்தார், காளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோட்டாப் பையின் வாயைக் கட்டினார்.

“காபி சாப்ட்டுட்டுப் போங்க சார். அடுத்த வருசம் மரக்கட்டைக்கு மட்டும் பொட்டு வைக்கச் சொல்லணும்.”

மறுநாள் அந்தக் கம்பியையே சுருட்டி முருகேசனின் முதுகில் விளாசினார். கம்பி துருப்பிடித்தது என்பதால் ஊசி போட அவரே கூட்டிப் போனார்.

காரியம் முடிந்த பிறகு மரகதம் அம்மா கூப்பிட்டார். உரிமம் சாரோடு போய்விட்டதால் ரைபிளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். குழலை மண்ணுக்குத் திருப்பிப் போல்ட்டை இழுத்தேன். தோட்டா இல்லை. கொக்கியிலும் பின் ஓடும் துளையிலும் குங்குமம் காய்ந்து கல்லாக இருந்தது. ஒரு வருடத்துப் பூச்சு இல்லை, வருடக்கணக்கில் ஏறிய பூச்சு.

“கட்டைக்கு மட்டும் வைக்கணும்னு சார் சொல்லலையாம்மா?”

“அவரு ஒண்ணும் சொல்லலைங்களே,” என்றார். “நான் வேணும்னுதாங்க அங்க அப்புவேன். அந்த மனுசன் கோவம் எனக்குத் தெரியாதா? பூசை முடிஞ்சா மறுநாளே எடுத்துத் தொடைப்பாரு, என்னையும் ரெண்டு திட்டு திட்டுவாருன்னு பாத்துட்டே இருந்தேன். அந்தக் காளை சமாச்சாரத்துக்கு அப்புறம் அதைக் கையால தொடலை. பன்னிக்கு வெடி போட்டுத்தான் வெரட்டினாரு.”

ஷூ லேஸ் அவிழ்ந்த பையனை மைதானம் சுற்ற விட்டவர், தன் வீட்டு ரைபிளில் காரணம் தெரிந்த ஒரு பழுதைக் கடைசிவரை சரிசெய்யாமல் விட்டிருக்கிறார். நானும் அதைச் சுரண்டவில்லை. அப்படியே துணியில் சுற்றி ஸ்டேஷனில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர் இது சுடுமா என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன்.

சாரின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் பேனாக்கத்தி. மடிப்பில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருக்கிறது. பழம் நறுக்க வேறு கத்தி வாங்கிக்கொண்டேன். என் உயிரும் அவர் விட்டுவைத்ததுதான். ஆனால் அதில் மரகதம் அம்மாவுக்கும் பங்கு இருப்பதால் முழுவதையும் சார் பெயரில் எழுத முடியவில்லை.