தலைவர் இல்லாத கூட்டம்

போன மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தெரிவான மாணவர் ஒன்றியத்தின் முதல் கூட்டம் நடந்தது. உபதலைவர் வந்தார். செயலாளர் வந்தார். பொருளாளரும் வந்தார். தலைவர் மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை? கூட்டம் நடந்தது ஆண்கள் விடுதியில், இராச் சாப்பாட்டுக்குப் பிறகு. தலைவரோ... ஒரு பெண்!

பெயர் தர்ஷினி. மூன்றாம் வருட மாணவி. ஒன்றியத்தின் முதல் பெண் தலைவர். அதுவரை பெண்களுக்கென்று ஒரு கதிரை இருந்தது – உபசெயலாளர். வேலை? கூட்டக் குறிப்பு எழுதுவது, விருந்தினருக்குப் பூமாலை ஏந்துவது.

எங்கள் பால்நிலைச் சமத்துவப் பிரிவின் இணைப்பாளர், விரிவுரையாளரான நான்தான். செயலமர்வுகள் வைத்தோம், சுவரொட்டி ஒட்டினோம், தொந்தரவு கொடுப்பவர்கள் மீது முறையிட ஒரு குழு அமைத்தோம். சிரித்தவர்கள் உண்டு. ஆனால் முன்பு வாய் திறக்கப் பயந்த பிள்ளைகள் இன்று என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள். இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்!

தர்ஷினியும் அப்படி வந்தவள்தான்.

"மிஸ், தலைவர் பதவிக்கு நான் கேக்கப் போறன்" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

கல்லடியில் அவர்களுடைய வீட்டைச் சுனாமி கொண்டுபோனபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அம்மாவையும் அது கொண்டுபோனது. அப்பாவோடும் தங்கச்சியோடும் முகாமில் இருந்தாள்.

"முகாம் கமிட்டியில முழுக்க ஆம்பிளையள் மிஸ். அரிசி கேட்டாங்க, பாய் கேட்டாங்க, லாம்பு கேட்டாங்க. நல்ல மனுசர்தான். ஆனா மாசத்துக்கு மாசம் எனக்குத் துணி வேணுமே... அத ஆரிட்டப் போய்ச் சொல்லுற? ஆரோ தந்த பழைய சாறியக் கிழிச்சி வெச்சிட்டு மூலைக்குள்ள இருந்த நான். அந்தக் கமிட்டியில ஒரு பொம்பிள இருந்திருந்தா..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

போட்டியிட்டாள், வென்றாள். எங்கள் பிரிவில் கேக் வெட்டினோம். படம் எடுத்தோம்.

அதற்குப் பிறகுதான் அந்த ஆண்கள் விடுதிக் கூட்டம். வளாகத்துக்குப் புதிதாகக் கொஞ்சம் வீதி விளக்குகள் வருகின்றன, எங்கே பொருத்தலாம் என்று நிர்வாகம் ஒன்றியத்திடம் கேட்டிருந்தது. முடிவு? விளையாட்டு மைதானம். தலைவருக்கு அது தெரிந்தது மறுநாள் காலை – அறிவித்தல் பலகையைப் பார்த்து.

நூலகத்திலிருந்து பெண்கள் விடுதிக்குப் போகும் பாதை, நெல் வயல் வட்டையின் ஓரமாக, வாய்க்காலை ஒட்டிப் போகிறது. பொழுது பட்டால் கும்மிருட்டு. அதனால்தான் விடுதிக் கேற்றை ஆறரைக்கே பூட்டுகிறோம் என்பார்கள். முன்பு யுத்தம் என்றார்கள். யுத்தம் முடிந்தது, வாசலில் இருந்த சோதனைச் சாவடியும் போய்விட்டது. பூட்டு மட்டும் காரணத்தை மாற்றிக்கொண்டு அப்படியே இருக்கிறது!

"உபவேந்தருக்கு ஒரு கடிதம் எழுதட்டா?" என்று தர்ஷினியைக் கேட்டேன். எங்கள் பிரிவால் அவ்வளவுதான் முடியும். ஆலோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது.

"வேணாம் மிஸ். நான்தானே தலைவர்? நானே கூட்டம் போடுறன்."

போட்டாள். வகுப்புகள் முடிகிற நேரம், நூலகத்துக்கு முன்னால். பெண் பிள்ளைகள் திரண்டு வந்தார்கள். உபதலைவர் கஜன் வரும்போதே முகம் சரியில்லை. தேற்றாத்தீவுப் பொடியன், கெட்டவன் இல்லை. எப்போதும் இப்படித்தான் நடந்தது, அவனும் அப்படியே நடத்தினான்.

"முடிவு எடுத்தாச்சே... மறுகா என்னத்துக்குக் கூட்டம்?"

"தலைவர் இல்லாம எடுத்த முடிவு கஜன். நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

"நீங்க வந்திருக்கலாமே?"

"உங்கட விடுதிக்கா? வோர்டனிட்ட அனுமதி வாங்கித் தாங்க, இண்டைக்கே வாறன்!"

கூட்டம் சிரித்தது. கஜன் விடவில்லை. "இருட்டெண்டா நேரத்தோட விடுதிக்குப் போங்களேன்."

"லைப்ரரி எட்டு மணி வரைக்கும் திறந்திரிக்கி. ஆருக்கு?"

கஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"சரி, எல்லாரும் வாங்க. நடந்து பாப்பம்" என்றாள் தர்ஷினி.

நானும் பின்னால் போனேன். பாதி வழியில் நன்றாக இருட்டிவிட்டது. திடீரென்று ஒரு சத்தம் – கஜனின் கால் வாய்க்காலுக்குள்! முழங்கால் வரை சேறு.

"அந்த இடத்தில போன கிழம நானும் விழுந்த நான்" என்றாள் ஒரு முதலாம் வருட மாணவி, மிகச் சாதாரணமாக.

கஜன் சேற்றுக்குள் கையை விட்டுச் செருப்பைத் தேடி எடுத்தான். "ஒவ்வொரு நாளும் இதாலயா வாறீங்க?"

"ஓம்."

விளக்குகள் இந்தப் பாதைக்கா என்று விடுதி வாசலில் வைத்து வாக்கெடுத்தார்கள். முதலில் உயர்ந்தது, சேறு அப்பிய ஒரு கை.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பாதையில் விளக்குகள் எரிந்தன. பிள்ளைகள் சும்மாவே இரண்டு தரம் நடந்து பார்த்தார்கள். சந்தோஷம் தாங்காமல் நானும் விடுதிப் பொறுப்பாளரிடம் போனேன். "இப்பதான் வெளிச்சம் வந்திட்டே... கேற்றை எட்டரைக்குப் பூட்டினா என்ன?"

அவரும் ஒரு பெண்தான். அன்பானவர்தான்.

"மிஸ், நாளைக்கு ஒண்டு நடந்தா தாய் தகப்பன் என்னத்தானே கேப்பாங்க? சோதினை எழுதுற காலத்தில மட்டும் விடுறன்."

இதுதான் நிலைமை. எங்கள் திட்டம் ஒரு பெண்ணைத் தலைவர் கதிரையில் உட்கார வைத்தது. ஆனால் கூட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் எங்கள் சுவரொட்டிகள் மாற்றவில்லை. அவளேதான் மாற்றினாள். பூட்டை இன்னும் யாரும் மாற்றவில்லை. ஆண்கள் விடுதிக்கு ஒரு கேற் இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம்! ஆனாலும் சோதினைக் காலத்தில் திறக்கிற கேற், மற்றக் காலத்திலும் திறக்கும். தர்ஷினி அடுத்த கூட்டத்துக்கு அதைத்தான் எடுத்திருக்கிறாள்.

நேற்று எங்கள் பீடக் கூட்டம். வழக்கம்போல மாலை ஐந்தரைக்கு வைத்தார்கள். பிள்ளைகளை வீட்டில் விட்டு வந்த விரிவுரையாளர்களில் பாதிப்பேர், வழக்கம்போல, பாதியில் எழும்பிப் போனார்கள். எல்லாரும் பெண்கள்.

நான் எழும்பிப் போகவில்லை. பீடாதிபதியைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். "இனி மத்தியானத்தில் வைப்போமா, சேர்?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!