இருபதாவது வருஷத்துப் பதக்கம்

என் பெரியப்பாவைப் பற்றி நல்லவிதமாக எழுத எனக்கு மனசு வரவில்லை. கெட்டவர் என்று எழுதினால் அதுவும் பொய். அவர் ரயில் என்ஜின் ஷெட்டில் பாய்லர் ஃபிட்டர். என் அப்பா அதே ஷெட்டில் என்ஜினுக்குக் கரி தள்ளும் ஃபயர்மேன். ரயில்வே குடியிருப்பு லைனில் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் பெரியம்மா தும்மினால் இந்தப் பக்கம் அம்மா கஷாயம் வைப்பாள்.

வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேக்காரர்களை வைத்தே ஒரு தொண்டர் படை நடத்தினார்கள். வாரமெல்லாம் ஸ்பானர், ஞாயிறு காலையில் துப்பாக்கி. எங்கள் ஆட்களில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் சேர்த்தார்கள். அதில் பெரியப்பா ஒருவர். சனிக்கிழமையே காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, பித்தளைப் பொத்தான்களைச் சாம்பலால் தேய்ப்பார். லைனே அவரை 'மேஜர்' என்று கேலி செய்தது, அவருக்கு அது கேலி என்றே உறைக்கவில்லை. இருபது வருஷம் விடாமல் போனால் பதக்கம். கூப்பிட்டு ஒருமுறை வராவிட்டால் அதுவரை போனதெல்லாம் போச்சு, முதலிலிருந்து எண்ண வேண்டும்.

இருபதாவது வருஷம் வேலைநிறுத்தம் வந்தது. ஷெட்டுக்குக் காவல் நிற்கத் தொண்டர் படையைக் கூப்பிட்டார்கள்.

"காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கோங்க," என்றாள் பெரியம்மா. "எதிர்ல நிக்கப்போறது உங்க தம்பி."

"பத்தொம்பது வருஷத்தக் குப்பையில போடச் சொல்றியா?"

போனார். அதற்குள் வேலைநிறுத்தக்காரர்கள் என்ஜின்களின் நெருப்பை இறக்கிவிட்டிருந்தார்கள். பாய்லர் ஆறிப்போனால் மறுபடி சூடேற அரை நாள் ஆகும். ஒரு வண்டியும் நகரவில்லை. மெயில் வண்டி என்ஜினில் நெருப்பை இறக்கியது யார் என்று ஷெட்டு அதிகாரியான வெள்ளைக்காரத் துரை கேட்டார். பெரியப்பா விறைப்பாக நின்று, "என் தம்பி" என்றார்.

பாவி மனுஷன், காட்டிக்கொடுக்க நினைத்துச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் துரை மெச்சுவார், அந்தச் சூட்டோடு 'எனக்காக அவனை விட்டுடுங்க' என்று கேட்டுவிடலாம் என்று நினைத்தார். பத்தொன்பது வருஷம் சல்யூட் அடித்தவனுக்கு இதுகூடச் செய்யமாட்டார்களா என்று நம்பினார். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியது அவர், ஆறு அடித்துக்கொண்டு போனது எங்களை.

அன்று மாலையே அப்பாவுக்கு வேலை போயிற்று. மறுநாள் வீடும் போயிற்று. எந்த ரயில்வேயிலும் சேர்க்கக்கூடாது என்று அப்பாவின் வேலைச் சீட்டில் எழுதிவிட்டார்கள். ஐந்து பேர் ஒரே அறைக்குக் குடிபோனோம். அப்பா கிடங்கில் மூட்டை தூக்கினார். ஏற்கெனவே கரித்தூள் அடைத்த நெஞ்சு. இருமலில் ரத்தம் வர ஆரம்பித்தது.

அடுத்த வருஷம் பதக்கம் வந்தது. வெள்ளியில் ராஜாவின் தலை, விளிம்பைச் சுற்றிப் பெரியப்பாவின் பெயர். மறுநாளே அவர் அதைத் துரையின் மேஜைமேல் வைத்து, "இத எடுத்துக்குங்க துரை, என் தம்பிக்கு வேலையத் திருப்பிக் கொடுங்க" என்று அழுதாராம். துரை கோபப்படக்கூட இல்லை. விளிம்பைத் திருப்பிக் காட்டி, பெயர் வெட்டிய பதக்கத்தைத் திரும்ப வாங்கும் வழக்கமில்லை என்று சொல்லி, கைகுலுக்கி அனுப்பிவிட்டார்.

அங்கிருந்து நேரே எங்கள் அறைக்கு வந்தார். ஒரு வருஷமாக அப்பா அவர் முகத்தில் விழித்ததில்லை. நான் கதவைச் சாத்தப் போனேன்.

"விடும்மா," என்றார் அப்பா.

பெரியப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பதக்கத்தை அப்பா கையில் திணித்தார். "தூக்கி எறிடா. இல்ல, என்னச் செருப்பால அடி. ஏதாவது பண்ணு தம்பி!"

அப்பா இருமி முடித்தார். பதக்கத்தை வேட்டியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நீயே வெச்சுக்கண்ணே. நாம ரெண்டு பேரும் வெள்ளைக்காரனுக்குத்தான் உழைச்சோம். ஒருத்தனுக்காவது ஏதோ கொடுத்தானே."

அதில் துளி கிண்டல் இல்லை. பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மூன்று வாரத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். பெரியப்பா அதற்கப்புறம் பதினொரு வருஷம் அதே ஷெட்டுக்குத்தான் வேலைக்குப் போனார். வேறு எங்கே போவார், சொல்லுங்கள்.