எம்மெட்டின் புருவம்

அந்தச் சனிக்கிழமைப் பேச்சை ஆரம்பித்தவர் ஹோபார்ட். வடக்கு ஃபிலடெல்ஃபியாவில் என் அம்மா நடத்திய முடிதிருத்தும் கடையில் முதல் நாற்காலியில் முடிவெட்டுபவர் அவர்.

"ஜோ லூயிஸும் முகமது அலியும். இன்னைக்கு முடிச்சிடுவோம்."

"எந்த நாள் லூயிஸ்?" என்று ஜன்னலோர பெஞ்சிலிருந்து கேட்டார் கிளீவன் டாலிவர்.

எங்கள் கடையின் வழக்கம் அது. காலம் சேர்த்துவைக்காத இரண்டு குத்துச்சண்டைக்காரர்களைப் பேச்சிலேயே மோதவிடும்போது, அவரவருடைய மிக நல்ல நாளிலிருந்துதான் கூட்டிவர வேண்டும். சண்டை மேடையில் போல ஆளுக்கொரு மூலை. மூலையில் உட்கார்ந்தவர் தன் ஆளுக்காகப் பேசுவார். எதிர்மூலை சொல்லும் அடிக்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் சண்டை முடிந்தது. கல்லாவில் இருக்கும் நான் மேஜை மணியை அடிப்பேன். என்னிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

"நீயே சொல்லு, எந்த நாள் வேணும்?" என்றார் ஹோபார்ட்.

"முதல் தடவை தன்னைத் தோற்கடிச்ச ஷ்மெலிங்கைப் பழிதீர்த்த நாள். உன் அலி?"

"ஹூஸ்டன்ல வில்லியம்ஸை ஆடவச்ச அலி. அன்னைக்கு அவன் மேல ஈகூட உட்கார முடியாது. லூயிஸ் இடது கையை விட்டுட்டு இழுக்கிறப்போ தொங்கவிடுவான். அந்தச் சந்துல அலியோட வலது கை உள்ள போய் காபி குடிச்சிட்டே வரும்."

"தொங்கவிட்டது ஷ்மெலிங்கோட முதல் சண்டையில. தப்பான லூயிஸைக் கூட்டிட்டு வராதே கிழவா. உன் அலி அடி வந்தா தலையைப் பின்னால சாய்ப்பான். லூயிஸ் தலையைத் தேடமாட்டான், விலாவைத் தேடுவான். விலாவை எங்கப்பா சாய்ப்பே?"

நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்தவர் சிரித்து, நுரையை விழுங்கி இருமினார். ஹோபார்ட் வாயைத் திறந்து மூடினார். மணி அடித்தேன்.

தோற்ற எரிச்சலில் அவர் கிளீவனிடம் சொன்னார்: "ஊர்ல இருக்கிறவன் மூலையிலெல்லாம் உட்கார்றே. எம்மெட்டை மட்டும் ஏன் இறக்கமாட்டேங்கிறே? ரே ராபின்சனோட விடு. உன் தம்பி ரெண்டு சுத்தாவது நிப்பான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"அவன் எட்டு சுத்து நின்னவன்," என்றார் கிளீவன். பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு காபி மீதி இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டார்.

கிளீவன் பகலில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். மாலைகளில் குத்துச்சண்டை மூலைகளில் காயம் அடைப்பவர். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு நிமிடத்தில் மருந்துப் பஞ்சால் அழுத்தி, வாசலின் பூசி, கிழிந்த முகத்தைத் திரும்ப அனுப்புவது அவர் தொழில். சலவைக்கூடத்துக் கொதிநீரோ மூலையின் ஐஸோ, எதனாலோ விரல் நுனிகளில் அவருக்கு உணர்வே போயிருந்தது. நாங்கள் துணி சுற்றிப் பிடிக்கும் காபிக் குடுவையை அவர் வெறுங்கையால் தூக்குவார். சுடவில்லையா என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். சுடும்தான் போல, என்பார்.

எம்மெட்டைப் பற்றி அவர் எனக்குச் சொன்னது அடுத்த வாரத்தில், அவருக்கு வேலை இல்லாத ஒரு மத்தியானம். கடையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். சொல்லும்போது அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

எம்மெட் பட்டம் எதுவும் வென்றதில்லை. கடைசிச் சண்டையின் ஐந்தாம் சுற்றில் இடது புருவம் பிளந்தது. டாக்டர் மேடையேறிப் பார்த்தார். ரத்தம் நிற்காவிட்டால் சண்டையை நிறுத்திவிடுவேன் என்றார். கிளீவன் அடைத்தார். ஒரு சொட்டு கசியவில்லை. டாக்டர் தலையசைத்து இறங்கினார். எம்மெட் மீதிச் சுற்றுகளையும் ஆடிமுடித்து, முக்காலியில் உட்கார்ந்து, இது எத்தனையாவது சுற்று என்று அண்ணனைக் கேட்டான். பிறகு எதுவும் கேட்கவில்லை. மருத்துவமனையில் இறந்தான். புருவத்தால் இல்லை, தலைக்குள் கசிந்த ரத்தத்தால்.

"அடக்கத்துக்கு வந்த பயிற்சிக்காரங்க என் கையைப் பிடிச்சு, இவ்வளவு சுத்தமா யாரும் அடைச்சதில்லைன்னாங்க. அப்புறம் நிறைய வேலை வந்தது. போனேன்."

நான் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்பானிஷ், இங்கிலீஷ் ரெண்டும் படிச்சிருக்கே," என்றார். "ரெண்டுலயும் வாயைத் திறக்கமாட்டேங்கிறே."

"பழகிடுச்சு, மிஸ்டர் டாலிவர்."

"அதான் உன்னைக் கேக்கறேன். சனிக்கிழமை எம்மெட்டை இறக்கறேன். அவன் மூலையில நீ உட்காரணும், பாப்பா."

"எனக்குக் குத்துச்சண்டை தெரியாதே."

"தெரியவேணாம். நான் உட்கார்ந்தா சும்மா இருக்கமாட்டேன். என்ன மருந்து, எங்க அழுத்தணும், எல்லாம் வாயில வந்துடும். திரும்பவும் அடைச்சிடுவேன்." அவர் காபிக் கோப்பையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டார். "அந்தச் சண்டை ஹோபார்ட்டுக்குத் தெரியும், அஞ்சாவது சுத்துல எம்மெட் புருவத்தைக் கிழிப்பான். என்ன பண்ணப்போறேன்னு எல்லாரும் உன்னைப் பார்ப்பாங்க. நானும் பார்ப்பேன். அப்போ நீ ஒண்ணும் சொல்லாதே. மணி அடிக்கட்டும். என்ன?"