அடித்த கார்டு

எங்கள் ஆங்கில–தமிழ் அகராதி அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘சிவப்பு மை அக்கா’. பதினாறு வருஷமாக எங்கள் கார்டுகளைச் சரிபார்ப்பவள். ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தமோ அத்தனை கார்டு. அதன் அடியில் உதாரண வாக்கியம், அது அச்சில் வந்த இடம். இடம் எழுதாவிட்டால் ஒரே சிவப்புக் கோடு. “அச்சுல எங்க இருக்கு? காட்டு.” நான் கெஞ்சியிருக்கிறேன், அழுதும் இருக்கிறேன். மசியமாட்டாள். அகராதி பிடித்தவள் என்று சும்மாவா சொன்னார்கள்!

போன மாதம் ‘வெயிட்’ என்ற வினைச்சொல் வந்தது. இன்றைக்கு அது காத்திருப்பது. பழங்காலத்தில் ஒருவர்மேல் வைத்த கண் வாங்காமல் பார்த்திருப்பதும் அதுதான். அந்தப் பழைய பொருளின் கார்டு நான் எழுதியது. “இது செத்து எத்தனையோ காலமாச்சு. செத்ததுக்கு எதுக்குடி இடம்?” என்று அடித்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வாரமே அவள் கணவருக்கு வயிற்றில் ஆபரேஷன். மூன்றாம் நாள் மதியம் பார்க்கப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலோரம் ஸ்டூலில் அக்கா.

“வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்கக்கா. இங்க சும்மா காத்திருந்து என்ன பண்ணப்போறீங்க?”

நர்ஸும் அதையேதான் சொன்னாள். அக்கா காதில் வாங்கவில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தாள்.

“சிஸ்டர், மூச்சு மாறுது.”

என் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. நர்ஸ் வந்து நாடி பார்த்தாள்; மறுநொடி டாக்டரைக் கூப்பிட ஓடினாள். உள்ளே ரத்தக் கசிவு. மறுபடி ஆபரேஷன் தியேட்டர். பிழைத்துக்கொண்டார். “இன்னும் அரைமணி நேரம் போயிருந்தா...” என்று இழுத்த டாக்டர் முடிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அக்கா வேலைக்கு வந்தாள். அவள் எழுதும் கார்டில் இன்னொருவர் கையெழுத்து வேண்டும். மதியம் என் மேஜையில் ஒரு கார்டு இருந்தது. அவள் அடித்த அதே பழைய பொருள், புதிதாக எழுதியது. உதாரணம்: அவரை மூன்று நாள் ‘வெயிட்’ செய்தேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அச்சில் வந்த இடம்: ‘நான்’.

விதிப்படி அதைத் தள்ளியிருக்க வேண்டும். பதினாறு வருஷக் கணக்கைத் தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. “அச்சுல எங்க இருக்குன்னு கேக்கலியாடி?”

“நம்ம அகராதி அச்சாகி வரட்டும்க்கா. காட்டறேன்.”